ரேணுகா போட்ட ஒளிவட்டம்

ரேணுகா வெளிச்சம் போடுகிறவள். கல்யாண மண்டபத்துக்கு சீரியல் செட் கட்டுகிற வேலை என்றுதான் அவள் அம்மா தெய்வம்மா எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அது இல்லை. ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில், ஷிஜோ நடத்தும் சின்ன வீடியோ கேம் கம்பெனியில் அவளுக்கு வேலை. கேமுக்குள் வெயில் எங்கே விழ வேண்டும், ஜீப்பின் ஹெட்லைட் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவள் அவள்தான்.

பிறந்து வளர்ந்தது நடுவட்டத்துப் பக்கம் ஒரு எஸ்டேட்டில். தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறாள். அங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டால் மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சின்ன வயதில், "லைட்டைச் சுத்தி வட்டமா இருக்கேம்மா" என்று ரேணுகா கேட்டபோது, "மிஸ்ட்டுக்குள்ள அப்படித்தான் புள்ள தெரியும்" என்றாள் தெய்வம்மா. அந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை மங்கலாகத் தெரிந்தபோது ரேணுகாவே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கூடலூரில் கம்ப்யூட்டர் படித்தாள். மீதியை செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்துவிடக் கூடாது என்பதில் அம்மாவைவிட அவளுக்குத்தான் பிடிவாதம். இந்த வேலை போனால் ஊட்டியில் இதேபோல் இன்னொன்று கிடையாது. கூடையை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நடக்க வேண்டியதுதான். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கம்பெனி செய்துகொண்டிருந்தது மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் கேம். வளைவில் எதிரே பஸ் வரும், காட்டெருமை நிற்கும்; மோதாமல் போய்ச் சேர வேண்டும். ஆனால் ரேணுகா கை வைத்த இடமெல்லாம் ஜொலித்தது. ப்ளூம் என்று ஒரு வசதி உண்டு. பளிச்சென்று இருக்கும் எதைச் சுற்றியும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கசிய விடும். உப்பு மாதிரி கிள்ளிப் போட வேண்டியதை இவள் படி கணக்கில் கொட்டியிருந்தாள். நட்ட நடுப்பகலில் தேயிலை மின்னியது, தடுப்புச்சுவர் மின்னியது, மைல்கல்கூட சாமி படம் மாதிரி ஒளிவட்டத்தோடு நின்றது. விளையாடிப் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துபோனார்கள். எதிரே வருகிற பஸ் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஷிஜோ சொல்லிப் பார்த்தான். அவள் கொஞ்சம் குறைப்பாள். அப்புறம் ஜன்னல் வழியாகத் தெருவிளக்கைப் பார்ப்பாள், மனசு கேட்காது, பழையபடி ஏற்றிவிடுவாள்.

தை மாதம் ஒருநாள் சாயங்காலம், பெங்களூர்க் கம்பெனி ஒன்று வீடியோ காலில் கேமைப் பார்ப்பதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால்தான் கேம் வெளியே வரும். கால் வருவதற்குச் சற்று முன்னால் ஷிஜோ அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தான். அவன் கூடலூர்க்காரன், கோபம் வந்தால் மலையாளம் முந்திக்கொள்ளும்.

"எந்தா ரேணுகா இது? இன்னிக்கும் இப்படியா? இனி லைட் வேலையை ஃபெபி பார்க்கட்டும். உனக்குத் தர்றதுக்கு என்கிட்ட வேற வேலை இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்து வண்டிகளை வரைந்துகொண்டிருந்த ஃபெபி தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலை போய்விட்டது என்று ரேணுகாவுக்குப் புரிந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "லைட்டுன்னா அப்படித்தான் சேட்டா இருக்கும். நான் கண்ணால பாக்குறதைத்தான் போட்டிருக்கேன். உங்களுக்குப் புடிக்கலைங்கறதுக்காக மாத்தணுமா?"

ஷிஜோ மௌஸைப் பிடுங்கி ப்ளூமைச் சுத்தமாக அணைத்தான். இருட்டான பாதையில் ஜீப் ஒன்று எதிரே நின்றது. "இப்போ பாரு. இதுதான் வேணும்."

அவள் பார்த்தாள். ஹெட்லைட்டைச் சுற்றி வட்டம் அப்படியே இருந்தது.

"வெளையாடுறீங்களா? இன்னும் இருக்குதே!"

"எவிட?"

அவள் திரையில் விரலை வைத்து வட்டம் போட்டுக் காட்டினாள். ஷிஜோ ஃபெபியைப் பார்த்தான். ஃபெபி எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக, "அங்க ஒண்ணும் இல்லையேக்கா" என்றாள்.

ரேணுகா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே பேக்கரி வாசலில் பல்பு எரிந்தது. "அதைச் சுத்தி?"

"வெறும் பல்புதான்க்கா."

உறைபனிக் காலம். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பழி போடுவதற்கு ஊட்டி முழுக்கத் தேடினாலும் ஒரு துளி மூட்டம் இல்லை. ரேணுகா வலது கண்ணைப் பொத்தினாள். வட்டம் நூலாக ஒடுங்கி, பல்பு பல்பாக நின்றது. கையை இடது கண்ணுக்கு மாற்றினாள். பல்பு உடைந்து சிதறினாற்போல் வட்டம் விரிந்தது. மறுபடி மாற்றினாள். மறுபடியும் அதே. வட்டம் வெளியே இல்லை, அவள் கண்ணுக்குள்தான் இருந்தது.

அதற்குள் கால் வந்துவிட்டது. ஷிஜோ வேர்த்துப்போய் விளையாடிக் காட்டினான். பஸ் தெளிவாகத் தெரிகிறது என்றார்கள் அந்தப் பக்கம். ஆனால் மூட்டம் வரும் வளைவில் மட்டும் ஹெட்லைட்டைச் சுற்றி லேசாக ஒளி கசிய வேண்டும், அதை இப்போதே பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். ஷிஜோ ஃபெபியைப் பார்த்தான். அவள் தலையாட்டி மறுத்தாள். அந்த வேலை அவளுக்குப் பழக்கமில்லை.

"நான் பண்றேன் சேட்டா."

ஷிஜோவின் கை மௌஸை விடவில்லை. விடலாமா என்று ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு நகர்ந்துகொண்டான். ரேணுகா உட்கார்ந்து, இடது உள்ளங்கையால் வலது கண்ணை இறுகப் பொத்திக்கொண்டு, ஒரு கிள்ளு ஏற்றினாள். போதாது. இன்னொரு கிள்ளு. இன்னும் ஏற்று என்று பழைய மனசு அரித்தது. மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

ஃபெபி நகத்தைக் கடித்தாள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "இதேதான், இப்படியே விடுங்கள்" என்றது.

கால் முடிந்தது. ஃபெபி கைதட்டினாள். ரேணுகா கண்ணிலிருந்து கையை எடுக்காமலே இருந்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது.

"நாளைக்கு லீவு போடு" என்றான் ஷிஜோ. "கோயமுத்தூர் போய் ஆஸ்பத்திரில கண்ணைக் காட்டு."

"என் வேலை சேட்டா?"

"வேலை எங்கயும் போகாது, மோளே. கண்ணைப் பாரு முதல்ல."

இத்தனை நேரமும் வேலைக்காகப் பயந்துகொண்டிருந்தவள், அதைக் கேட்ட பிறகுதான் தன் கண்ணை நினைத்துப் பயந்தாள்.