காருக்குப் பக்கத்தில் நின்றவள்

பெர்னடீன் ஸரெம்பா எந்த வாசலிலும் நிமிர்ந்து நுழைந்ததில்லை. ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவான உயரம், அதுவும் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே வந்து சேர்ந்துவிட்டது. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்டிராமிக்கில் அவள் பிறந்த வீட்டில் நிலவறைக்கு இறங்கும் படிக்குக் குறுக்கே ஒரு உத்தரம் ஓடும். அது அவள் நெற்றியைப் பலமுறை பதம் பார்த்து, தலையை இடது தோள்பக்கம் சாய்த்துக் குனிகிற பழக்கத்தை ஒட்டவைத்துவிட்டது. மாதா கோயில் வாசலில் ஒரு லாரியே போகலாம். அங்கேயும் குனிந்துதான் போவாள். கல்யாணப் போட்டோவிலும் தலைக்கு மேலே ஏதோ இடிக்கப்போவதுபோல்தான் நிற்கிறாள்.

குனிவது ஒரு பழக்கம் என்றால் சந்தேகம் இன்னொன்று. கறிக்கடையில் நிறுக்கும்போது கடைக்காரரின் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். பாதிரியார் போன வருஷப் பிரசங்கத்தையே இந்த வருஷமும் ஓட்டுகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவாள். பாதி நேரம் அவள் சந்தேகம் சரியாகவே இருந்துவிடும், அதுதான் வம்பு. சரியாக இருந்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டு மீதிப் பாதியையும் நம்பினாள்.

பெரிய சந்தேகம் புருஷன்மேல். ஃப்ளோரியன் டெட்ராய்ட்டில் ஒரு ஸ்டூடியோவில் கார் விளம்பரம் வரைந்தவன். சரியாகச் சொன்னால், கார் வரைந்தவன் இல்லை. அங்கே கார் வரைய ஒரு ஆள், மற்றதை எல்லாம் வரைய ஒரு ஆள். கார்க்காரர் முதலில் வண்டியை முடிப்பார்; தொழிற்சாலையில் செய்ததைவிட ஒரு முழம் நீளமாக, தரையோடு தரையாக, பின்பக்கத்தில் மீனுக்கு இருப்பதுபோன்ற துடுப்புகள் பளபளக்க. பிறகு அந்த அட்டை ஃப்ளோரியன் மேஜைக்கு வரும். ஏரி, ஓட்டல், கோல்ஃப் மைதானம், நாய்க்குட்டி, சிரிக்கிற ஜனங்கள் எல்லாம் அவன் பொறுப்பு. அச்சானதும் மூலப் படத்தைக் கார்க் கம்பெனி வாங்கிக்கொண்டுபோய் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததெல்லாம் பத்திரிகைப் பக்கம்தான்.

கல்யாணமான புதிதில் அவள் ஒருமுறை ஆசையாகக் கேட்டாள். "என்னைய ஒரு படத்துல போடேன்."

"நீ பக்கத்துல நின்னா வண்டி பொம்மையாட்டம் தெரியும், பெர்னி" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

அந்த வாரம் முழுக்க அவள் பேசவில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து 'தந்திக்கம்பம்' என்று கூப்பிட்டவர்களையெல்லாம் பொறுத்துக்கொண்டவள், கட்டிக்கொண்டவன் சொன்னதைப் பொறுக்க முடியாமல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவளுடைய உயரத்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

சில மாதம் கழித்து அந்தப் பெண் வர ஆரம்பித்தாள். பச்சை ஸ்கார்ஃப் கட்டிய குட்டையான பெண். ஒரு மாதம் ஏரிக்கரையில் சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில், அடுத்த மாதம் ஓட்டல் வாசலில் வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில். ஆண்கள் மாறினார்கள், நாய்கள் மாறின, அவள் மட்டும் மாறவில்லை. பெர்னடீன் பத்திரிகையை அவன் சூப் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"யாருய்யா இவ?"

"யாருமில்ல."

"யாருமில்லாதவளுக்கு எதுக்கு மாசாமாசம் ஸ்கார்ஃப் கட்டி விடற?"

ஃப்ளோரியன் சூப்பைக் குடித்தான். அவன் காது சிவந்திருந்தது. அதை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

ஸ்டூடியோவின் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போய் ஒவ்வொரு பெண்ணுக்கும் பக்கத்தில் நின்று அளந்து பார்த்தாள். டெலிபோன் போர்டில் இருந்த லுவெல்லா அவளுடைய விலாவுக்குத்தான் வந்தாள். போதாக்குறைக்குப் பச்சை உடுப்பு வேறு. தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. ஃப்ளோரியன் மாரடைப்பில் போனபோது அதே லுவெல்லா பன்றி இறைச்சி வேகவைத்து ஒரு பீங்கான் பாத்திரத்தில் கொண்டுவந்தாள், கண்ணெல்லாம் வீங்கி. பெர்னடீன் இறைச்சியைக் குப்பையில் கொட்டினாள். பாத்திரத்தை நிலவறையில் வைத்தாள், சாட்சிக்கு.

கல்லறையில் ஃப்ளோரியன் பக்கத்தில் அவளுக்கும் இடம் வாங்கியாகிவிட்டது. கல்லில் அவன் பேருக்குக் கீழே அவள் பேரையும், பிறந்த வருஷத்தையும், ஒரு சின்னக் கோட்டையும் செதுக்கியும் வைத்தாகிவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வரவேண்டிய வருஷத்தை ஒருநாள் செதுக்குவார்கள். ஒன்பது வருஷமாக அவள் ஈஸ்டருக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு, அந்தக் கோட்டை முறைத்துவிட்டு வந்தாள். அந்தக் கோடைகாலத்தில் முடிவு எடுத்தாள். அந்த இடம் வேண்டாம், தங்கை ஸபீனா கிடக்கிற இன்னொரு கல்லறையில் தனக்கு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று. திங்கட்கிழமை கல்லறை அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

மகள் ராபர்ட்டாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அம்மா, உன் பேரு கல்லுல காத்துக்கிட்டிருக்கு. அதை என்ன செய்யப் போற?"

"சொரண்டச் சொல்லு."

"செத்துப்போன மனுஷன்கிட்ட ஏம்மா இன்னும் வம்பு?"

"காலகாலத்துக்கும் ஒருத்தன் பக்கத்துல படுக்கணும்னா அவன் என்கிட்ட பொய் சொல்லாதவனா இருக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமைதான் உட்வர்ட் சாலையில் பழைய கார் ஊர்வலம். ஃபெர்ன்டேலில் ராபர்ட்டாவின் வீடு அந்தச் சாலைக்குப் பக்கத்தில். ஊரே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டு, ப்யூக்கும் காடிலாக்கும் உறுமிக்கொண்டு போவதைப் பார்க்கும். தொப்பை விழுந்த கிழவர்கள் ஒரு துடுப்பைக் கண்டதும் கண் கலங்குவார்கள். பெர்னடீனுக்கு இந்தக் கண்கலங்கலிலும் நம்பிக்கை இல்லை. இதே வண்டிகள் ஜனவரிக் குளிரில் கிளம்ப மறுத்து இதே ஆட்கள் அவற்றை உதைத்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

நடைபாதையில் மேஜை போட்டுப் பழைய விளம்பரப் பக்கங்களைச் சட்டம் போட்டு விற்றார்கள். மூன்றாவது மேஜையில் பச்சை ஸ்கார்ஃப் நின்றுகொண்டிருந்தாள், கண்ணாடிக்குள். தொப்பி வைத்த ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து நண்பரிடம் உருகினார். "இவள மாதிரி இப்ப யாரு இருக்கா சொல்லு. அந்தக் காலத்துப் பொண்ணுங்களே தனி."

"நான் அந்தக் காலத்துப் பொண்ணுதான்" என்றாள் பெர்னடீன், அவர் தலைக்கு மேலிருந்து. "இவளை வரைஞ்சவன் என் புருஷன். கீழ வைங்க."

தொப்பிக்காரர் கீழே வைத்தார். ஆனால் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எழுந்துவிட்டார். டுவேன் ப்ரூயிட் என்று பேர், டொலிடோவிலிருந்து வந்த வியாபாரி. டொலிடோ இருப்பது பக்கத்து மாநிலமான ஒஹையோவில்; டெட்ராய்ட் இருக்கிற மிச்சிகனுக்கும் அதற்கும் பரம்பரைப் பகை. மிச்சிகன்காரி ஒருத்தி ஒருவனைச் சந்தேகப்பட அதுவே போதும்.

"ஃப்ளோரியன் ஸரெம்பாவோட வீட்டம்மாவா நீங்க? உங்களத்தாங்க தேடிக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"என்கிட்ட மூலப்படம் ஒண்ணு இருக்குங்க. அச்சுப் பக்கம் இல்ல, வரைஞ்ச அட்டையே. பழைய வீட்டுச் சாமான் ஏலத்துல நிலவறையில கெடந்துச்சு. கையெழுத்தில்ல. உங்க வீட்டுக்காரர் வரைஞ்சதுதான்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா…"

"நாளைக்கு நாலு போலிப் படத்துக்கும் அதே சீட்டைக் காட்டி விப்பீங்க."

"ஐயோ, பாத்துட்டுப் பேசுங்கம்மா."

"பாக்கலாம்மா" என்றாள் ராபர்ட்டா. "பாக்கறதுக்குக் காசா கேக்கறாரு?"

டுவேன் தன் வேனின் பின்கதவைத் திறந்து, படத்தை மூடியிருந்த போர்வையை விலக்கினார். நீல வண்டி ஒன்று, ஏரிக்கரையில். பெர்னடீன் முதலில் வண்டியைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தாள். ஒரு காது மடிந்திருந்தது. ஃப்ளோரியன் போட்ட நாய்க்கெல்லாம் அப்படித்தான், சின்ன வயதில் அவன் வளர்த்த நாய் அது. போலி இல்லை. பச்சை ஸ்கார்ஃப்காரியும் இருந்தாள், கார்க்கதவில் கை வைத்துக்கொண்டு.

"இங்கதாங்க கொஞ்சம் சேதாரம்" என்று டுவேன் அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே காட்டினார். "ஈரத்துல வானம் உரிஞ்சுபோச்சு. அடியில பென்சில் கோடு தெரியுது. ஆள் வச்சு மறுபடி பூசிடலாம், கவலையில்ல."

"என்ன பென்சில்?"

"மொதல்ல அவரு பொம்பளைய ரொம்பப் பெருசாப் போட்டுட்டாரு போல. அப்பறம் சின்னதா மாத்தியிருக்காரு. ஆளுங்கள எப்பவும் குறைச்சுத்தாங்க போடணும். அப்பதானே கார் பெருசாத் தெரியும்? கம்பெனிக்காரங்க அதுல கண்டிப்பு."

"காரை நீட்டுவாங்கன்னு தெரியும்" என்றாள் பெர்னடீன் மெதுவாக. "ஆளக் குறைப்பாங்களா?"

"குறைக்காத படமே கெடயாது."

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். உரிந்த வானத்துக்குள் ஒரு பெண்ணின் தலை இருந்தது. நீளமான தாடை. நடுவில் சற்றே மேடு தட்டிய மூக்கு. அவள் அப்பாவிடமிருந்து வந்த மூக்கு, கண்ணாடியில் அவளுக்குப் பிடிக்காத மூக்கு. காரின் கூரையைத் தாண்டி உயர்ந்து, தலையை இடது தோள்பக்கம் சாய்த்துக் குனிந்து, எங்கோ ஒரு உத்தரத்துக்குப் பயந்து நின்றுகொண்டிருந்தாள் அந்தப் பெண். பென்சில் தோள் இறங்கி, பெயிண்டுக்குள் போய், சின்னப் பெண்ணைச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தச் சின்னவளைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் ஸ்கார்ஃபைப் பார்த்திருக்கிறாள், முகத்தைப் பார்த்திருக்கிறாள். முகம் எல்லாப் பத்திரிகைப் பெண்களுக்கும் போடுகிற முகம், யாருடையதும் இல்லை. அவள் நின்ற விதத்தைப் பார்க்கவே இல்லை. குட்டைப் பெண் தலையை இடப்பக்கம் சாய்த்துக் குனிந்திருந்தாள். காரின் கூரைக்குக்கூட எட்டாதவள், மேலே வெறும் வானம், எதற்குக் குனிய வேண்டும்?

பெர்னடீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அம்மா?" என்றாள் ராபர்ட்டா. அவளும் எட்டிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "அம்மா, இது நீதானே."

"சும்மா இரு, பாத்துக்கிட்டிருக்கேன்."

நெஞ்சு வலிக்கிற மாதிரி சந்தோஷமாக இருந்தது, அதற்குச் சமமாகக் கோபமும் வந்தது. மாதாமாதம் அவளை வரைந்திருக்கிறான். மாதாமாதம் ஸ்டூடியோவில் யாரோ குறைக்கச் சொல்ல, இவனே அழித்துச் சின்னதாக்கியிருக்கிறான். இது நீதான் என்று சொன்னால் உன்னை வெட்டிச் சுருக்கினேன் என்றும் சொல்ல வேண்டும். அந்தக் குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் அவன் காதில் விழுந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, மடையன். அவள் கத்தியிருப்பாள், தட்டை உடைத்திருப்பாள், மறுநாள் சரியாகியிருக்கும். அந்தக் காது எதற்குச் சிவந்தது என்று இப்போது புரிந்து என்ன செய்ய?

"எழுதித் தர்றேன்" என்றாள் டுவேனிடம். "ஆனா வானத்தைப் பூசக் கூடாது."

"பூசலன்னா வாங்கறவங்க மொகத்தைச் சுளிப்பாங்கம்மா."

"சுளிக்கட்டும். பூசினா சீட்டு இல்ல."

அவர் தலையைச் சொறிந்து, சரி என்றார். ஒஹையோக்காரர் சொன்ன சரியை அவள் நம்பவில்லை. ராபர்ட்டாவிடம் அந்த உரிந்த இடத்தைப் போட்டோ எடுக்கச் சொன்னாள், கிட்டத்தில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டாள். "அந்த லுவெல்லா இருக்காளா?"

"வாரன்ல மகன் வீட்டுல இருக்காங்க. ஏம்மா?"

"அவ பாத்திரம் நம்ம நிலவறையில இருக்கு. கழுவிக் குடுத்துடணும்." கொஞ்ச தூரம் போனபின், "வெறும் பாத்திரமாக் குடுக்க முடியாது. பியரோகிக் கொழுக்கட்டை செஞ்சு வைக்கறேன்" என்றாள்.

திங்கட்கிழமை கல்லறை அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். வாசல் உயரமானதுதான். பெர்னடீன் குனிந்து நுழைந்தாள். அங்கே இருந்தவர் இடத்தைத் திருப்பிக் கொடுக்கிற காகிதத்தை எடுத்து வைத்துப் பேனாவை நீட்டினார்.

"அது இருக்கட்டும்" என்றாள் அவள். "ஸரெம்பா பக்கத்துல எனக்கு வச்சிருக்கற எடம் எவ்வளவு நீளம்?"

"எல்லாருக்கும் ஒரே அளவுதாங்க. போதும்."

"போதும்னு நீங்க சொன்னா ஆச்சா? எந்திரிச்சு வந்து அளங்க."

அவர் ராபர்ட்டாவைப் பார்த்தார். ராபர்ட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"என்னைய எத்தனையோ தடவ சுருக்கியாச்சு" என்றாள் பெர்னடீன். "அந்தாளு பக்கத்துல நான் முழுசா நீட்டிப் படுக்கணும்."

அலுவலகத்துக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அவள் பின்னாலேயே போனாள், அவர் இழுத்துப் பிடிக்கிறாரா தளர்த்திப் பிடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு.