வாயடைக்கப் பேரீச்சம்பழம்

டாக்டர் நெர்மின் ஷாகிர் இரண்டாவது பேரீச்சம்பழத்தையும் வாய்க்குள் திணித்துக்கொள்கிறார். தெற்கு எகிப்தில் இருக்கும் எங்கள் அஸ்வான் ஊர்ப் பழம் வெயிலில் காய்ந்து கல்லாகக் கிடப்பது. ஒன்றை மென்று முடிப்பதற்குள் ஒரு கல்யாணப் பாட்டே முடிந்துவிடும். அதுதான் அவருடைய திட்டம். வாய் நிறைந்திருந்தால் பாட முடியாது.

அரபு நாடுகளில் வாழும் சிறுபான்மை மக்களின் பண்பாடு அவருடைய துறை. நூபியர்களான எங்கள் பாட்டுகளை ஆராய கெய்ரோவிலிருந்து ஒரு வருடத்துக்கென்று வந்தவர், பத்து வருடமாகியும் திரும்பவே இல்லை. ஒலிப்பதிவுக் கருவியைக் காலுறைக்குள் சுருட்டிக் கைப்பையில் வைத்திருப்பார். படகில் ஏறினால் கூலி பேசுவதற்கு முன்பே, "உங்க மாமியார் தாலாட்டு பாடுவாங்களா?" என்று கேட்பார். கல்யாணம் என்று காதில் விழுந்தால் போதும், அழைப்புக்குக் காத்திருக்க மாட்டார்.

சிக்கல் என்னவென்றால், பறை அதிர்ந்ததும் அவரும் பாடிவிடுகிறார். ஐந்தே சுரத்தில் நேராகப் போகும் எங்கள் வரியைக் கடைசியில் கெய்ரோப் பாணியில் குரலை ஒரு சுழி சுழித்து இறக்குவார். எல்லாப் பதிவிலும் அந்தச் சுழிதான் முன்னால் நிற்கிறது. பதவி உயர்வுக் குழு கறாராகச் சொல்லிவிட்டது: ஆய்வாளரின் குரல் கலக்காத ஒரு பதிவாவது இந்த மாதத்துக்குள் வர வேண்டும், இல்லையென்றால் பேராசிரியர் பதவி இல்லை. இந்த மாதம் ஊரில் இருப்பதோ இந்த ஒரு மருதாணி விருந்துதான்.

"என்ன டாக்டரம்மா, வாயே திறக்கல, யாரு வீட்டுத் துக்கத்துக்கு வந்தீங்க?" என்று மணப்பெண்ணின் அக்கா நபரா சீண்டுகிறாள்.

நெர்மின் உப்பிய கன்னங்களோடு கருவியைக் காட்டி, நெஞ்சில் கைவைத்துக் கெஞ்சுகிறார்.

"பாவம்டி, பதவி போயிரும்போல. நாம பாடுவோம்," என்கிறாள் பறை பிடித்திருக்கும் ஹுக்மா.

பாட்டு எழுகிறது. பெண்கள் தோளோடு தோள் இடித்து ஆடுகிறார்கள். நெர்மினும் ஆடுகிறார். வாய் மட்டும் மென்றுகொண்டிருக்கிறது. முதல் வரி சுத்தம். அடுத்ததும் சுத்தம். மூன்றாவது வரியின் முடிவில் அத்தனை பெண்களும் கூச்சமே இல்லாமல் அந்தச் சுழியைச் சுழிக்கிறார்கள்.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிடுகிறது.

"அது பாட்டுல கிடையாது," என்று பழத்துக்கு நடுவே குழறுகிறார். "நான் தப்பாப் பாடினது அது."

"கிடையாதா? என் மக பேசக் கத்துக்கிட்டதுலேருந்து இப்படித்தான் பாடுறா," என்கிறாள் ஹுக்மா.

"அதை விட்டுட்டுப் பாடுங்களேன். குழுக்காரங்க என்னைக் கொன்னுடுவாங்க."

"உங்களுதுன்னா பேரு எழுதில்ல வச்சிருக்கணும்," என்கிறாள் நபரா.

இருந்தும் முயன்று பார்க்கிறார்கள். வரி முடியும் இடம் வந்ததும் வாய் தானாகச் சுழிக்கிறது. மணப்பெண் சிரித்த சிரிப்பில் மருதாணி கன்னத்தில் அப்பிக்கொள்கிறது. ஹுக்மாவின் கையில் தாளம் தடுமாறுகிறது.

நெர்மினுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. இரண்டு கொட்டைகளையும் உள்ளங்கையில் துப்புகிறார். பாடுகிறவர்களுக்கு முன்னால் வைத்திருந்த கருவியை எடுத்து, தன் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு, அந்த வரியைச் சுழியோடு பாடத் தொடங்குகிறார்.