மகள் விட்டுப்போன பாம்பு

மகள் தனக்குப் பிடித்தவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு எங்கள் கிங்ஸ்பரி வீட்டைவிட்டுப் போனபோது, உடுப்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, தான் வளர்த்த பாம்பை மட்டும் விட்டுவிட்டாள். அவர்களின் வாடகை அறையில் பிராணிகள் வளர்க்க விடமாட்டார்களாம். "எனக்கு மகளே இல்லை" என்று ஒரே போடாகப் போட்டார் என் கணவர். அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்தானே, பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்குக்கூட எப்போதாவது ஒரு மெசேஜ்தான்.

செம்மஞ்சள் நிறப் பாம்பு, விஷம் கிடையாது. ஆனாலும் இவர் அது இருக்கும் அறை வாசலையும் மிதிக்கமாட்டார். உறைந்த எலியை வெந்நீரில் இளக்கிக் கொடுப்பது நான்தான். வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு மரக்கறி, அதற்கு எலி. பாவம், வாயில்லாச் சீவன்.

போன மாரியில் அது நாள் முழுக்கத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் தண்ணீரில் கரும்புள்ளிகள். ஒன்று அதன் கண்ணோரத்தில் ஊர்ந்தது. ஐயோ என்று கத்திவிட்டேன். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே வீடியோவில் வந்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்த முகம்!

"அம்மா, அது மைட்ஸ். ரத்தம் உறிஞ்சிற பூச்சி. புதுசா ஏதும் உள்ளுக்கை வைச்சனீங்களே?"

"ஒரு மரக்கொப்பு வாங்கி வைச்சனான் பிள்ளை. ஏறி விளையாடட்டும் எண்டு."

"அதிலதான் வந்திருக்கும். இனி எது வாங்கினாலும் முதல்ல ஃப்ரீசருக்கை போட்டு வையுங்கோ."

அதன்பின் ஒவ்வொரு மாலையும் அழைத்தாள். பாம்புக்குக் கீழே பரப்பியிருந்த மரத்தூளையும் கொப்பையும் பையில் கட்டி எறியச் சொன்னாள். கண்ணாடிப் பெட்டியை மூலைமுடுக்கெல்லாம் சுடுதண்ணீரால் கழுவிக் கிச்சன் பேப்பர் விரிக்கச் சொன்னாள். வெள்ளையில்தான் பூச்சி தெரியுமாம். மிருக வைத்தியர் தந்த மருந்தை அடித்து, காய்ந்த பிறகே பாம்பை உள்ளே விட வேண்டும். பூச்சியின் முட்டைகள் பொரிக்கும் என்பதால் திரும்பவும் அடிக்க வேண்டும். இடையில், "சாப்பிட்டீங்களே அம்மா?" என்பாள். அதைக் கேட்கத்தான் நான் நாள் முழுக்கக் காத்திருந்தேன். பக்கத்து அறையில் இவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஏன் என்று கேட்டால், தலையிடியாம். எனக்கா தெரியாது!

பிறகு பேப்பர் வெள்ளை வெளேரென்று இருக்கத் தொடங்கியது. "இன்னும் ஒரு கிழமை பாப்பம், பிறகு பயமில்லை" என்றாள் மகள். சந்தோஷப்பட வேண்டிய நான் அடுப்படியில் நின்று அழுதேன். "பூச்சி போனா அவளும் போயிடுவாளப்பா" என்று இவரிடம் சொன்னேன்.

அந்தக் கிழமை முடியமுன் பேப்பரில் மறுபடியும் கரும்புள்ளிகள். மகள் வீடியோவில் கிட்டக் காட்டச் சொன்னாள்.

"அம்மா, இது மிளகுத்தூள். நீங்களே போட்டனீங்கள்?"

திரும்பிப் பார்த்தேன். இவர் கதவடியில் நின்று, சொல்லாதே என்று தலையாட்டினார். விடுவேனா?

"கொப்பர்தான். வேற ஆர்?"

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "அப்பாவோ? அவர் பெட்டிக்குள்ள கை வைச்சவரோ?"

"ஓம் பிள்ளை. அவரோட ஒரு வார்த்தை கதையன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பூச்சி இல்லைத்தானே அம்மா. இனி ஒவ்வொரு நாளும் எடுக்கத் தேவையில்லை" என்று வைத்துவிட்டாள்.

இவரை வாயில் வந்தபடி திட்டத் திரும்பினேன். மனுசன் அறைக்குள் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளையின்ரை முகம் வடிவாத் தெரியேல்லை. நாளைக்கு எடுத்தா, போனைக் கொஞ்சம் இஞ்சாலைப் பக்கம் திருப்பிப் பிடியும்" என்றார்.

எடுக்கமாட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓமப்பா, பிடிக்கிறன்" என்றேன்.

அடுத்த நாள் மாலை இரண்டு பேரும் பாம்புப் பெட்டிக்கு முன்னால் இருந்தோம். போன் அடிக்கவில்லை.