கல்யாணம் வரைக்கும் நின்ற இமை

என் வலது கண்ணின் மேல் இமைக்குப் பிறவியிலேயே மடிப்பு கிடையாது. கூடவே லேசாகத் தொங்கும். பள்ளிக்கூடத்தில் தூங்குமூஞ்சி என்பார்கள். நானும் திருப்பி நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். கண்ணாடி முன்னால் நின்று நான் அழுததே இல்லை. அழுததெல்லாம் அம்மாதான். அதுவும் எனக்கு இருபத்து நாலு வயதில், பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் கேசரியையும் தின்றுவிட்டு, “யோசிச்சுச் சொல்லுதோம்” என்று எழுந்து போன பிறகு.

தி. நகரில் எங்களுக்குப் பாத்திரக் கடை. தெற்கத்திக்காரர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. அங்கே ஒரு பெண்ணைத் தட்டிக்கழித்தால் அன்று சாயங்காலத்துக்குள் எல்லாக் கல்லாவுக்கும் தெரிந்துவிடும். மூன்றாவதாக, எங்களை அவ்வளவாகத் தெரியாத ஒரு மயிலாப்பூர் ஜவுளிக்கடைக் குடும்பத்திலிருந்து வரன் வந்தது. நேரில் பார்க்க ஒரு மாதம் தவணை கேட்டார் அப்பா, காரணம் சொல்லவில்லை. மறுநாளே அம்மா என்னை அடையாறில் ஒரு கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் பொறுமைசாலி. காகிதத்தில் ஒரு கண்ணை வரைந்து இரண்டு வழி சொன்னார். ஒன்று, கத்தி வைக்காமல் இமைக்குள் நூல் கோத்து, கொஞ்சம் தூக்கி மடிப்பு உண்டாக்குவது. வீக்கம் சீக்கிரம் வடிந்துவிடும், தழும்பும் இருக்காது. ஆனால் நூல் போகப் போகத் தளரும். யாருக்கு எத்தனை வருஷம் நிற்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, இமையை வெட்டி உள்ளே தசையையும் இழுத்துத் தைப்பது. அது பெரும்பாலும் ஆயுசுக்கும் நிற்கும், ஆனால் சிவந்த கோடு மங்கப் பல மாதம் ஆகும்.

“இவங்களுக்கு ரெண்டாவதுதாம்மா சரி. தசையே பலவீனமா இருக்கு. இது பரம்பரையாக்கூட வரலாம்” என்றார்.

பரம்பரை என்ற பேச்சை அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “தழும்பு தெரியாதது எது டாக்டர்?”

“நூல் போடறது. ஆனா அது ரொம்ப நாள் நிக்கும்னு…”

“கல்யாணம் வரைக்கும் நின்னாப் போதும்.”

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணைப் பற்றித்தான் பேச்சு. வாயைத் திறக்கவில்லை. அம்மா தலையில் பழியைப் போட்டுவிட எனக்கும் ஆசைதான், ஆனால் மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்து எனக்குப் பிடித்திருந்தது. வெட்கம்கெட்ட உண்மை அது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பழைய ஆல்பங்களை எடுத்து, என் முகம் நேராகத் தெரிந்த படங்களையெல்லாம் கிழித்தாள். “ஏளா, இது நம்ம மூணு பேருக்குள்ள. செத்தாலும் அவுக காதுக்குப் போவக் கூடாது, கேட்டியா?”

நூல் நின்றது. பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பி, “கண்ணு ரெண்டும் எழுதி வச்ச மாதிரில்லா இருக்கு” என்றார். அம்மா சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதாள். கல்யாணம் முடிந்து மாமியாரான அவரை அத்தை என்று கூப்பிடுகிறேன். அவரைப் போல என்னிடம் பிரியமாக நடந்துகொண்டவர் யாருமில்லை. கொடுமைக்காரியாக இருந்திருந்தாலாவது எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

எனக்கு ஏழாம் மாதம். ஆடித் தள்ளுபடி, கடையில் தலை நுழைய இடமில்லை. “ஒரு ரெண்டு மணி நேரம் பில்லு போடுதியாம்மா?” என்று அத்தை கேட்டார். போனேன். மூச்சு முட்டியதால் வாசலுக்கு வந்து நின்று இளநீர் குடித்தேன். அன்று சூரிய கிரகணம். நம் ஊரில் தெரியாது என்று யாரோ சொன்னதை அத்தை நம்பியிருந்தார். சாயங்காலம் டிவியில் மெரினா மணலில் ஜனங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு வானத்தைப் பார்த்ததைக் காட்டினார்கள். அத்தைக்குக் கை கால் ஓடவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. வலது இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது, என்னுடையதைவிட மோசமாக. பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தை தலையில் அடித்துக்கொண்டார். “பாவி, நாந்தான்! பிள்ளத்தாச்சிய கிரகணத்துல நிப்பாட்டிட்டேனே!”

ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘அத்தை, இது என் கண்ணு.’ அம்மா கட்டிலருகில் வந்து என் கையை அழுத்தினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அத்தை மயிலாப்பூர் அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டார். பிள்ளைக்கு ஏழு வயதாகும்வரை வெள்ளிக்கிழமைதோறும் கண்மலர் சாத்துவது, அதாவது கண் மாதிரி வெட்டிய வெள்ளித் தகட்டை அம்மனுக்குச் செலுத்துவது. “அதுக்கு முன்னால பிள்ள கண்ணுல கத்தி வச்சா என் பாவம் தீராதும்மா” என்றார். என் கணவர் அம்மா பேச்சைத் தட்டாதவர். கண் டாக்டரிடம் காட்டச் சொல்லிக் குழந்தைகள் டாக்டர் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தார். கத்தியைத் தவிர வேறு வழியில்லை என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். ஆனால் கண் டாக்டரிடம் போனால், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று முதல் கேள்வியே அதுதான் வரும். பயம். அந்தச் சீட்டுகளை நான்தான் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன்.

கோயில் வாசலில் கண்மலர் விற்கிறவள் ஒருநாள் கேட்டாள்: “இன்னாம்மா, வாராவாரம் வந்துகினு கீற. பாப்பா கண்ணு தெறந்துச்சா இல்லியா?” உன் வேலையைப் பார் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

மகளுக்கு ஐந்து வயதாகும்போது என் நூல் தளர்ந்தது. தலைவாரும்போது பார்த்தேன், மடிப்பு ஓரத்தில் அறுந்திருந்தது. வருஷம் திரும்புவதற்குள் மடிப்பே இல்லை, இமை பழையபடி இறங்கிவிட்டது. “தூக்கமில்லையா உனக்கு?” என்று கணவர் கேட்டார். அத்தைதான் உற்று உற்றுப் பார்த்தார். “பிள்ளைய நெனச்சு அழுதழுது உன் கண்ணும் இப்படி ஆயிட்டேம்மா.” அவரே காரணத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். நான் ‘ம்’ என்றேன்.

ஏழு வயது முடிந்து வேண்டுதலும் முடிந்தது. கண் திறக்கவில்லை. பள்ளியில் கண் பரிசோதனை வைத்து, இடது கண்ணை மூடினால் இவளுக்குப் பலகையில் எழுத்தே தெரியவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். அடையாறு டாக்டருக்கு என்னை ஞாபகம் இருக்கலாம் என்று, மயிலாப்பூரில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம்.

“குடும்பத்துல யாருக்காவது இப்படி இருக்கா?”

“யாருக்குமே இல்ல டாக்டர். கிரகணத்தப்ப…” என்று ஆரம்பித்த கணவர் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்தார். “உங்களுக்கு?”

“எனக்கு இப்பதான் டாக்டர். வயசாகுதில்ல.”

அவர் நம்பவில்லை. ஆனாலும் மேலே கேட்கவில்லை. இமையைப் புருவத்தோடு சேர்த்துக் கட்டித் தூக்க வேண்டும் என்றார். சிலிக்கான் பட்டையில் கட்டலாம், பிறகு தளர்ந்தால் மறுபடி செய்ய வேண்டிவரும். தொடையிலிருந்து தசைநார் எடுத்துக் கட்டினால் ரொம்ப வருஷம் நிற்கும்.

“நிக்கிறதையே செய்யுங்க டாக்டர்” என்றார் கணவர்.

“இமை நிக்கும் சார். பார்வைதான்… ரெண்டு மூணு வயசுல தூக்கியிருந்தா அந்தக் கண்ணு பார்க்கப் பழகியிருக்கும். இப்ப பெருசா எதுவும் எதிர்பார்க்காதீங்க. ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?”

ஆட்டோவில் வரும்போது கணவர் சொன்னார்: “அம்மாட்ட பார்வை விஷயத்தச் சொல்லாண்டாம். தாங்க மாட்டாவ.”

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில் அத்தை கோயிலிலிருந்து வந்து, சமையலறை வாசலில் நின்று மடியை அவிழ்த்தார். இரண்டு ஜோடிக் கண்மலர். “இது பிள்ளைக்கு. இது உனக்கும்மா. என் பாவம் உன் கண்ணையும்லா புடிச்சிட்டு” என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

மகள் தலையை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்த இமையோடு அப்படித்தான் பார்க்க முடியும். சின்ன வயதில் நானும் அப்படித்தான் பார்ப்பேன். “அம்மா, எங்கிட்டேருந்துதான் உனக்கு ஒட்டிக்கிச்சா?”

“சீ, இல்லடி.”

“பின்ன எப்படி வந்துச்சு?”

“என்னாலதான் தங்கம். ரெண்டு பேருக்கும் என்னாலதான்” என்று அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்மலரை இடுப்பில் செருகிக்கொண்டு, பாலை அடுப்பில் வைக்கத் திரும்பினேன்.