சம்பந்தி இழுத்த வண்டி

இழுவை வண்டியையே இன்னொரு இழுவை வண்டி இழுத்துக்கொண்டு போனதாம். ஒரு வாரம் முழுக்கக் கடைத்தெருவில் இதே பேச்சு. முன்னால் போனது மஞ்சள் வண்டி. கொக்கியில் தொங்கியது, ஊரார் கொக்கிக்காரர் என்று கூப்பிடுகிறவரின் நீல டீசல் வண்டி. மஞ்சள் வண்டியின் பக்கத்து இருக்கையில், தலையைக் குனிந்தபடி கொக்கிக்காரர். நிஜந்தானா என்று விசாரிக்கப் போனால், மனிதர் அட்டைப்பெட்டியை விரித்து வண்டிக்கடியில் படுத்திருக்கிறார். வெளியே தெரிகிற இரண்டு கால்கள்தான் பதில் சொல்கின்றன.

“நெசந்தான். இழுத்தது யாருன்னு சொன்னாங்களா?”

சொன்னார்கள். மஞ்சள் வண்டிக்காரர் அவருடைய சம்பந்தி. மகளைக் கொடுத்த இடம், தொழிலில் போட்டி.

கொக்கிக்காரருக்கு ஒரு வழக்கம். நடுவழியில் நின்ற வண்டியை மாட்டி இழுக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வண்டியின் சொந்தக்காரருக்கு இலவசமாக உபதேசம் செய்வார். “வண்டி சொல்லிக்கிட்டேதான் சார் இருந்திருக்கும். நீங்கதான் காது குடுக்கல.” வண்டி நின்ற துக்கத்தோடு இதையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஊரில் பாதிப்பேர். வதந்தியை இத்தனை ஆசையாகப் பரப்பியவர்களும் அவர்கள்தான்.

அவர் வண்டியும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பாரத்தோடு மேடு ஏறினால் கியர் வழுக்கியது, கருகல் வாடை வந்தது. அவரோ இன்ஜின் சூடு காட்டும் முள்ளைத் தட்டிக்காட்டி, “பாரு, ஐஸ் மாதிரி இருக்கு” என்பார். இன்ஜின் ஐஸ்தான். வெந்துகொண்டிருந்தது கியர்பாக்ஸ், அதற்கு முள்ளே கிடையாது. கியர் ஆயிலைக் குளிர்விக்கக் கம்பெனி வைத்துக்கொடுத்த கூலர், ஒரு புத்தக அகலம். தன் பாட்டுக்குப் போகிற வண்டிக்கு அது போதும். ஊரார் வண்டியையெல்லாம் இழுக்கிற வண்டிக்கு எப்படிக் காணும்?

வண்டி நின்றுபோன அன்று வீட்டில் மனைவி தட்டை வைத்துவிட்டுக் கேட்டாராம்: “வண்டி சொல்லிக்கிட்டேதானே இருந்திருக்கும். காது குடுத்தீங்களா?” கொக்கிக்காரர் பாதியில் கைகழுவ எழுந்துவிட்டார்.

மெக்கானிக் சொன்னது இதுதான்: கூலரையும் ஆயிலையும் மாற்றி, பாரத்தோடு மேடு ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் வழுக்கினால் கியர்பாக்ஸ் போயிற்று, வண்டியை விற்க வேண்டியதுதான். சம்பந்தி அதற்குள் பெரிய மனசு பண்ணிவிட்டார். “அதனாலென்ன சம்பந்தி, நம்ம வண்டியிலயே வந்துருங்க. கொக்கி மாட்ட எனக்கும் ஆள் வேணும்ல?”

அந்த ‘ஆள்’ என்ற சொல்தான் மனிதரை வண்டிக்கடியில் படுக்க வைத்திருக்கிறது.

முன்பக்கத்து வலையைக் கழற்றி, குழாய் இரண்டையும் பிரித்தார். சிவப்பாக வடிய வேண்டிய ஆயில் கறுப்பாக வடிந்தது. முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழைய கூலரின் தகடுகளுக்கிடையே சேறும், செத்த தும்பிகளும். புதியது தாம்பாள அகலம். கம்பெனி போட்ட ஓட்டைகளில் உட்கார மறுத்தது. “பெரிய இடத்துச் சம்பந்தம்னா நாமதான் வளைஞ்சு குடுக்கணும்” என்றபடி, இரும்புப் பட்டையை வளைத்து, துளை போட்டு முடுக்கினார். புது ஆயில் ஊற்றி, கியர்பாக்ஸுக்கென்று தனியாக ஒரு முள்ளும் வைத்தார்.

மறுநாள் சரக்கு வேன் ஒன்றை மாட்டிக்கொண்டு மேடு ஏறினார். வேன்காரர் உபதேசத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். கொக்கிக்காரர் வாயே திறக்கவில்லை. கண் முள்ளின் மேல். பாதி மேட்டில் முள் சற்று உயர்ந்து, அங்கேயே நின்றது. கியர் ஓரிடத்திலும் வழுக்கவில்லை. உச்சிக்கு வந்ததும், “இப்ப மூச்சு விடலாம் சார்” என்றார், வேன்காரர்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது போல.

வண்டி பிழைத்தது. மிச்சமிருப்பது சம்பந்தி கணக்கு. இழுத்ததற்கு அவர் காசு வாங்கவில்லை. “உறவுக்குள்ள என்ன வாடகை? ஒரு நாள் என் வண்டி நின்னா நீங்க இழுங்க, சரியாப்போச்சு.” மஞ்சள் வண்டியோ நிற்கிற வழியாக இல்லை. பார்க்கும்போதெல்லாம் கொக்கிக்காரர் அக்கறையாக விசாரிக்கிறார்.

“வண்டி எப்படியிருக்கு சம்பந்தி? மேட்டுல கீட்டுல வழுக்குதா?”

“உங்க ஆசீர்வாதம், குதிரையாட்டம் ஓடுது.”

“ரொம்ப சந்தோஷம்.” அந்தச் சந்தோஷத்தை முகத்தில் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு ஞாயிறு மகளைப் பார்க்கப் போனவர், வாசலில் நின்ற மஞ்சள் வண்டியருகே, செருப்பைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்தார். கியர்பாக்ஸுக்கடியில் விரலை ஓட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளி ஆயில் கசிவில்லை. இருந்தும் விரலைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.