மல்லிகையை இறக்கக் கூடாது

மதுரையில் விமானச் சரக்குக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் இருந்தது. அதற்கு நான்தான் செயலாளர். டவுன்ஹால் ரோட்டில் ஒரு சரக்கு புக்கிங் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். மிஷன் பள்ளியில் படித்தவள், தமிழிலும் இங்கிலீஷிலும் தட்டத் தெரியும் என்பதைத் தவிர என்னிடம் வேறு தகுதி கிடையாது. மற்ற உறுப்பினர்களிடம் அதுவும் கிடையாது.

தலைவர் மல்லிகை வியாபாரி. பொருளாளர் செல்லூரில் தறி போட்டு லுங்கி ஏற்றுமதி செய்தவர். மாதாமாதம் சங்கத்துக்கு ஒரு செய்தி இதழ் உண்டு. நான் ஸ்டென்சில் வெட்டிக் கொடுக்க, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி எடுப்பார்கள். முதல் பக்கம் ‘நடந்தவை’, பின்பக்கம் ‘நடக்க இருப்பவை’. உறுப்பினர்கள் எல்லோரும் ஒன்றாகச் சிக்குவது கூட்டத்தன்று மட்டும்தான் என்பதால் அன்றைக்கே வாசலில் வைத்து இதழைக் கையில் திணித்துவிடுவோம். அந்தக் கூட்டத்தின் செய்தியும் அதே இதழில் வந்தாக வேண்டும் என்பது தலைவரின் பிடிவாதம். ஆகவே கூட்டம் நடப்பதற்கு ஒரு வாரம் முன்பே, அது சிறப்பாக நடந்து முடிந்தது என்று நான் தட்டிவிடுவேன்.

“இன்னும் நடக்கலையேண்ணே” என்று முதல் தடவை கேட்டேன்.

“நடக்கப் போறதுதானே தங்கச்சி? நடந்துச்சுன்னு போட்டா யாருக்கு என்ன நட்டம்?”

வைகை அணைக்குச் சுற்றுலா போனபோது உறுப்பினர்கள் நீராடி மகிழ்ந்தனர் என்று போட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் கால் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. இன்னொரு முறை நன்றியுரை ஆற்றியதாக நான் எழுதியவர், அன்று மூலத்துக்கு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்தார். யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் படிக்கவில்லை. வடையின் எண்ணெயை ஒற்றி எடுக்க எங்கள் இதழை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த வருஷம் தலைவருக்கு நிஜமாகவே ஒரு சிக்கல் வந்தது. அவருடைய மல்லிகை மொட்டுகள் பெட்டியில் அடைபட்டு, மத்தியான விமானத்தில் சென்னை போய், அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கும். ஆனால் எங்கள் ஊருக்கு வந்ததோ சின்ன விமானம். பயணிகள் கொஞ்சம் கனமாக வந்துவிட்டால் முதலில் இறக்கப்படுவது அவருடைய பூப்பெட்டிகள்தான். சாயங்காலத்துக்குள் மொட்டு விரிந்துவிடும், விரிந்த பூவை வெளியூரில் எவனும் வாங்க மாட்டான். இனி ஒரு முறை சரக்கு வராவிட்டால் வேறு ஊரில் வாங்கிக்கொள்கிறேன் என்று சிங்கப்பூர்க்காரர் ட்ரங்க் கால் போட்டுச் சொல்லிவிட்டார். அந்த ஆளை விட்டால் தலைவருக்கு வியாபாரமே இல்லை. மனிதர் இளைத்துப் போனார்.

விமான நிறுவனத்தின் சரக்குப் பிரிவு அதிகாரியைச் சென்னையிலிருந்து ஆண்டு விழாவுக்கு அழைப்பது, மேடையில் வைத்துக் கோரிக்கையைக் கேட்பது என்று முடிவானது. நான் வழக்கம்போல முன்கூட்டியே தட்டினேன். ‘மல்லிகையை இனி எந்நாளும் விமானத்திலிருந்து இறக்கக் கூடாது எனச் சிறப்பு விருந்தினர் பலத்த கரவொலிக்கிடையே ஆணையிட்டார்.’ கரவொலியைத் தலைவர்தான் சேர்க்கச் சொன்னார்.

விழா அன்று அதிகாரி, நாங்கள் கூட்டம் போடும் லாட்ஜ் மாடிக்கு ஏறி வந்தார். வாசலில் நின்ற பொருளாளர் ஒரு கையால் சந்தனம் கொடுத்தார், மறு கையால் இதழைக் கொடுத்தார். யாரும் படிக்காத இதழை அந்த மனிதர் மேடையில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார்! சைகை காட்டி என்னைக் கூப்பிட்டார்.

“இதை யாரும்மா எழுதினது?”

“நான்தான் சார்.”

“நான் இன்னும் பேசவே இல்லையே.”

“பேசிருவீங்கன்னுதான் சார்” என்றேன். பயத்தில் எனக்கு வாய் கூடும்.

அவர் சிரிக்கவில்லை. முறை வந்ததும் எழுந்து, மைக்கைத் தட்டிவிட்டு, எங்கள் இதழையே விரித்து வைத்து வாசிக்க ஆரம்பித்தார். மதுரையின் பெருமை, சங்கத்தின் சேவை, எல்லாம் என் வரிகள். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. மல்லிகை வரி வந்ததும் நிறுத்தினார். தலைவரைப் பார்த்தார். தலைவர் முன்வரிசையில் எழுந்து கைகூப்பி நின்றார்.

“இறக்கக் கூடாது” என்று வாசித்து முடித்தார் அதிகாரி. கரவொலி நான் எழுதியதைவிடப் பலமாகவே இருந்தது.

மறுநாள் அவரை வழியனுப்ப மாலையோடு விமான நிலையத்துக்குப் போனோம். அன்றைக்குப் பார்த்து ஒரு கல்யாண கோஷ்டி, சீர்வரிசைப் பாத்திரம் பண்டத்தோடு ஏறியிருந்தது. எடை கூடிவிட்டது. சரக்கு ஏற்றும் பொறுப்பில் இருந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“சார், ஏதாவது ஒண்ண இறக்கணும். மல்லியத் தொடக் கூடாதுன்னு நேத்து நீங்க சொல்லிட்டீங்களாம். மத்தவுக எல்லாம் காசு கொடுத்த பயணிக.”

காசு கொடுக்காமல் ஏறுகிறவர் ஆபீஸ் வேலையாக வந்த அதிகாரி ஒருவர்தான். அவர் இறங்க முடியாது, மறுநாள் காலை அவருக்குச் சென்னையில் மீட்டிங். பெட்டி மட்டும் இறங்கலாம்.

தலைவர் பதறிவிட்டார். “அய்யய்யோ, வேண்டாம்யா! என் பெட்டியில ஒண்ண இறக்குங்கப்பா. அய்யா பெட்டி போகட்டும்!”

இந்த மனிதர் விமானத்தில் அந்தப் பூப்பெட்டி இடத்துக்காக எத்தனை பேர் காலைப் பிடித்தார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதிகாரி கேட்கவில்லை. “நூறு பேர் முன்னாடி வாசிச்சுட்டேன். என் பெட்டியை இறக்குங்க” என்று சொல்லிவிட்டு மாலையோடும் மல்லிகையோடும் பறந்துபோனார். பெட்டி எங்கள் காலடியில் நின்றது.

அதை லாரி ஷெட்டில் போட்டு அனுப்பலாம் என்றார் பொருளாளர். தலைவர் அவரை எரித்துவிடுவது போலப் பார்த்தார். சாயங்கால ரயிலில் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். ரிசர்வேஷன் கிடைக்கவில்லை. நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனபோது பொதுப் பெட்டியில் நசுங்கி உட்கார்ந்து, அந்தக் கனத்த சூட்கேஸை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“மேல பலகையில வைக்கலாமேண்ணே? விடியிற வரைக்கும் எப்படித் தாங்குவீக?”

“வேண்டாம் தங்கச்சி” என்றார். “இறக்கிவிட்ட பெட்டிக்காரனோட வருத்தம் எம்புட்டுன்னு எனக்குத் தெரியும்.”