அம்மா சுற்றிய லைம் மரம்

எனக்கு ஒரு தம்பி வேண்டுமென்று அம்மா பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனக்குப் பின் உருவான இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. ஊரில் என்றால் அரச மரத்தடிப் பிள்ளையாரைச் சுற்றி வந்திருப்பார். இலண்டன் குளிரை அரச மரம் எங்கே தாங்கும்? குளிர் தாங்கும் பெரிய நிழல்மரம் ஒன்றை ரெய்னர்ஸ் லேன் வீட்டுப் பின்வளவில் நட்டு, அதனடியில் பிள்ளையாரை இருத்துவோம் என்றார் அப்பா.

கார்டன் சென்டரில் தேடித் தேடிக் கடைசியில் ஓக், லைம் என்று இரண்டு கன்றுகளில் வந்து நின்றோம். லைம் என்றால் தேசிக்காய், எலுமிச்சை இல்லை. இங்கே தெருவோரங்களில் நிற்கும் பெருமரம். கூட வந்த மாமா, அம்மாவின் தம்பி, ஓக்கின் பக்கம்.

"அக்கா, ஓக் வைரம் பாயிற மரம். பரம்பரை பரம்பரையா நிக்கும். லைம் கோடையில பசை கொட்டும். கீழ ஒரு கார் விடேலாது."

"பின்வளவுக்குள்ள ஆரடா கார் விடுறது? ஓக் ஆமை மாதிரி வளரும். அது நிழல் தரேக்க உன்ர அக்கா கிழவியாயிடுவா" என்றார் அப்பா.

அம்மா இருவரையும் கேட்கவில்லை. லைம் இலையொன்றை உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார். "அரசிலை மாதிரியே இருக்கு. இதையே எடுப்பம்."

அந்தக் கோடை முழுவதும் அம்மா விடியத் தோய்ந்து, ஈரத் தலையோடு மரத்தைச் சுற்றினார். அடுத்த வீட்டு வெள்ளைக்கார மனுசி வேலிக்கு மேலால் கைகாட்டுவார். அம்மாவும் சுற்றியபடியே கைகாட்டுவார். பிறகு இலை மஞ்சளாகி எல்லாம் கொட்டியது. அம்மா நிறுத்தவில்லை. சேலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, பனி பிடித்த புல்லில் வெறுங்காலோடு மொட்டை மரத்தைச் சுற்றினார்.

"நான் சொன்ன ஓக் எண்டால் காய்ஞ்ச இலையையாவது பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கும்" என்று மாமா சிரித்தார்.

"உது நித்திரை கொள்ளுதடா" என்றார் அம்மா.

கார்த்திகையில் தொடங்கும் பிள்ளையார் கதை விரத நாளொன்றில் அம்மாவுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. உயிரைக் காப்பாற்றக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தது. அன்று எனக்குச் சொன்னது வயிற்றுக்குத்து என்று மட்டும்தான்.

திரும்பி வந்த அம்மா பின்கதவைத் திறக்கவேயில்லை. சாமி விளக்கைக்கூட அப்பாதான் ஏற்றினார். இலையில்லாத மரத்தோடு அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். இலை வந்தால் அம்மா சுற்றுவார், சுற்றினால் தம்பி வருவான். ஆகவே நான் பிள்ளையாரிடம் தம்பியைக் கேட்கவில்லை, இலையைக் கேட்டேன்.

பிள்ளையார் தந்தார். சித்திரையில் ஒரு காலை கிளையெங்கும் இளம்பச்சை. மாடிக்கு ஓடினேன்.

"அம்மா, இலை வந்திட்டுது! சுத்த வாங்கோ!"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

களைப்பாக்கும் என்று நானே இறங்கிப்போய் அவருக்காகவும் சேர்த்துச் சுற்றினேன். பிறகு குசினிக்கு வந்து அப்பாவிடம், தம்பி இனி எப்போது வருவான் என்று கேட்டேன். அப்பா கேத்திலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார். அது நிரம்பி அவர் கைமேல் வழிந்தது. குழாயை அவர் பூட்டவில்லை.

தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று, இன்னும் உரத்துக் கேட்டேன்.